கேமரன் மலையில் சுழல் கற்றாழை: வேரைக் குளிரவைத்து வளர்க்கும் முறை

சுழல் கற்றாழையை மலேசியாவின் கேமரன் மலையில் வாங்கி வைப்பவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு வார்த்தை, "இது பனியையே தாங்கும் செடியாச்சே!" உண்மைதான். அலோ பாலிஃபில்லா என்பது இதன் தாவரவியல் பெயர். ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள லெசோத்தோ நாட்டில், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், செங்குத்தான பசால்ட் பாறைச் சரிவுகளில் வளர்கிறது. குளிர்காலத்தில் பனி மூடினாலும் பிழைத்துக்கொள்ளும். அந்த ஊர் மக்கள் சொத்தோ மொழியில் இதை 'கரேட்சா' என்கிறார்கள். நன்றாக வேரூன்றிய செடி சைபருக்குக் கீழே 10 டிகிரி வரைகூடத் தாங்கும்.

ஆனால் கேமரன் மலை ஊர்களான ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் செடிகளைக் கொல்வது குளிர் இல்லை. வேர்ச் சூடும், சூடான மண்ணில் தங்கும் ஈரமும்தான் கொல்கின்றன. பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டி மண் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று தெரிந்தவர் கையில் இந்தச் செடி வளரும். தெரியாதவர் கையில் ஆறு மாதம் அழகாக இருந்துவிட்டு, ஒரு மழை வாரத்தில் அடியோடு கழன்று விழும்.

இன்னொரு பழக்கத்தையும் முதலிலேயே விட்டுவிட வேண்டும். வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும் சோற்றுக் கற்றாழையை மனத்தில் வைத்து இதை வளர்க்கக் கூடாது. லெசோத்தோ மலைகளில் கோடைதான் மழைக்காலம். மேகமும் மூடுபனியும் அடிக்கடி இறங்கும். பாறைச் சல்லிக்கு நடுவே தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டே இருக்கும். வேருக்கு ஈரமும் காற்றும் குளிர்ச்சியும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. அந்த மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதுதான் இங்கே நம் வேலை. காயப்போட்டால் இலைகள் உள்பக்கமாக மூடிக்கொண்டு வளர்ச்சி நின்றுவிடும். ஈரத்தை ஓடவிடாமல் தேக்கினால் அழுகும்.

எந்த உயரத்தில் வளரும்?

ரிங்லெட் சுமார் 1,200 மீட்டர், தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர். பகலில் 25 டிகிரியைத் தாண்டும் நாள் குறைவு, இரவில் 16, 17 வரை இறங்கும். இது போதும். செடிக்குப் பகல் வெயிலைவிட இரவுக் குளிர்ச்சிதான் முக்கியம், ஏனென்றால் பகலில் ஏறிய மண் சூடு இரவில்தான் இறங்குகிறது.

தாப்பா, பீடோர், சுங்கை சிப்புட் போன்ற கீழ்த் தோட்டப் பட்டணங்களில் இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே போவது அரிது. அங்கே இதை வளர்க்க முயல வேண்டாம். ஈர மணலுக்குள் மண்தொட்டியைப் புதைத்துக் குளிரவைக்கலாமே என்று கேட்பார்கள். ஈரம் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி வரும். காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும் இடத்தில் அது மெதுவாகத்தான் ஆவியாகும், இரவு வெப்பத்துக்குக் கீழே மண்ணை இறக்காது. கீழே இருப்பவர்களுக்கு வேறு ஒரு வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறோம்.

வாங்கும்போது

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சுழல் கற்றாழை இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்த செடியை நாடு விட்டு நாடு விற்க முடியாது. நாற்றங்காலில் விதையிலிருந்தோ திசு வளர்ப்பிலோ உண்டாக்கிய கன்றுகளைத்தான் வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சைட்டிஸ் பத்திரம், தாவரச் சுகாதாரச் சான்றிதழ், இங்கே இறக்குமதி அனுமதி மூன்றையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். காட்டில் பிடுங்கிய செடியை வாங்கினாலும் லாபமில்லை. வேர் அறுந்த பெரிய செடி மறுபடி வேர் பிடிப்பது மிக அரிது.

இணையத்தில் நீலம், ஊதா, சிவப்பு என்று பல நிறச் சுழல் கற்றாழை விதை விற்கிறார்கள். அப்படி ஒரு செடியே கிடையாது. உண்மையான விதை தட்டையாக, கரும்பழுப்பாக, ஓரத்தில் மெல்லிய இறகோடு இருக்கும். கடுகு மாதிரி உருண்டையாகவோ வெங்காய விதை மாதிரி கன்னங்கரேலென்றோ வந்தால் ஏமாற்று.

சின்னக் கன்றில் சுழல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். முளைத்த புதிதில் இலைகள் எதிரெதிராக இரண்டு வரிசையில் வரும். பிறகு ஐந்து வரிசையாகும். செடியின் அகலம் 20, 30 செ.மீ. ஆகும்போதுதான் வரிசைகள் முறுக ஆரம்பிக்கும், அதற்கு மூன்று வருடம் போல ஆகும். வலமா இடமா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டும் ஏறக்குறைய சரிபாதியாக வரும். 'வலம்புரி' என்று சொல்லிச் சின்னக் கன்றைக் கூடுதல் விலைக்குக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். அந்த வயதில் அது யாருக்கும் தெரியாது.

மண் கலவை

இங்கே அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். கேமரன் காய்கறித் தோட்டங்களில் கோழி எருவும் செம்மண்ணும் சேர்ந்தால் எதுவும் செழிக்கும் என்ற பழக்கம் இருக்கிறது. முட்டைக்கோசுக்கு அது சரி. சுழல் கற்றாழைக்குக் கோழி எரு விஷம்: உப்பு அதிகம், ஈரத்தைப் பிடித்துவைக்கும், மட்கும்போது சூடாகும். செம்மண் மழையில் களியாகிக் காற்றை அடைத்துவிடும்.

பத்து லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றுக்கு இந்த அளவு:

நுரைக்கல் அல்லது லாவா கல், 4 முதல் 8 மி.மீ. – 5 லிட்டர்
பெர்லைட் – 2 லிட்டர்
கழுவிய தேங்காய் நார்த்தூள் – ஒன்றரை லிட்டர்
கருக்கிய உமி – 1 லிட்டர்
நன்றாக மட்கிய இலை உரம் – அரை லிட்டர்

நார்த்தூளை மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். நாற்றுக் கடைகளில் 'செக்காம் பாக்கார்' என்று விற்கும் கருக்கிய உமியையும் இரண்டு முறை கழுவ வேண்டும், அதிலுள்ள சாம்பல் மண்ணைக் காரமாக்கும். நுரைக்கல்லைச் சல்லடையில் போட்டுப் பொடியை நீக்காமல் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பொடி தொட்டியின் அடியில் இறங்கிச் சேறாகப் படியும். மேலே கலவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேர் நுனி இருப்பது அந்தச் சேற்றில்.

சோதிப்பது எளிது. கலவையை 20 செ.மீ. தொட்டியில் நிரப்பி, ஒரு முறை நனைத்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுங்கள். பத்து எண்ணுவதற்குள் மேற்பரப்பில் தண்ணீர் மறைய வேண்டும். தேங்கி நின்றால் இன்னும் ஒரு பங்கு கல் சேருங்கள்.

தொட்டியும் இடமும்

மெருகு பூசாத மண்தொட்டி நல்லது. ஆழத்தைவிட அகலம் முக்கியம். செடியின் அகலத்தைவிட 5 செ.மீ. மட்டும் பெரிதாக எடுங்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். நாற்றுமேடையில் பழகிய கருப்புப் பாலிபேக் வெயிலில் அடுப்பு மாதிரி. அதிலேயே கன்று வந்திருந்தால் வெள்ளைத் தொட்டி ஒன்றுக்குள் இறக்கி வையுங்கள், இரண்டுக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி இருக்கட்டும்.

கிழக்குப் பார்த்த இடம் பாருங்கள். காலையில் நான்கு மணி நேரம் நேர் வெயில், பதினொரு மணிக்குமேல் சுவர் நிழல் அல்லது திறந்த வானத்தின் வெளிச்சம். மேற்குச் சுவரோரம் வைக்காதீர்கள். சிமெண்டுத் தரையில் நேராக வைத்தால் தரைச் சூடு அடியிலிருந்து ஏறும், இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள். சிங்க் கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழேயும் வேண்டாம். காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கொட்டகை மழையைத் தடுக்கும், ஆனால் பக்கங்கள் மூடியிருந்தால் நண்பகலில் உள்ளே வெந்துபோகும். கூரை மட்டும் இருக்கட்டும், நான்கு பக்கமும் காற்று ஓடட்டும்.

சமையலறையில் இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டி மண்ணில் 5 செ.மீ. ஆழத்தில் குத்திப் பாருங்கள். 22க்குள் இருந்தால் நிம்மதி. 24, 25 என்றால் இடத்தை மாற்ற யோசியுங்கள். 27ஐத் தாண்டித் தொடர்ந்து சில நாள் நின்றால் வேர் வேலை செய்வதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீரைச் செடி குடிக்காது, தண்ணீர் மண்ணிலேயே கிடந்து வேரை அழுகவைக்கும்.

சாய்த்து நடுங்கள்

லெசோத்தோவில் இந்தச் செடி சமதளத்தில் வளர்வது குறைவு. சரிவில் சாய்ந்து வளர்வதால் நடுக்குருத்தில் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். கேமரன் மழைக்கு இது இன்னும் அவசியம். தொட்டியில் நடும்போதே செடியை 20 முதல் 30 டிகிரி சாய்த்து நடுங்கள். நிமிர்ந்து நட்ட பழைய செடி என்றால் தொட்டியின் ஒரு பக்கத்தில் கல் முட்டுக் கொடுத்துச் சாய்த்துவிடலாம்.

நிலத்தில் நடுவதென்றால் தேயிலைச் சரிவு போன்ற மேடும், அதில் அடுக்கிய கல்வரிசையும் வேண்டும். இரண்டு கல்லுக்கு இடையே 40 செ.மீ. ஆழம் குழி வெட்டி, பாதிக்கு உடைகல் போட்டு, மேலே அதே கலவையை நிரப்புங்கள். வேரும் இலையும் சேரும் கழுத்துப் பகுதி மண்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே இருக்கட்டும். சுற்றிலும் சிறு சரளைக்கல் 2 செ.மீ. பரப்பினால் அடி இலைகள் ஈர மண்ணைத் தொடாது. பெரிய கல்லின் நிழல் விழும் பக்கம் வேர் ஓடும்படி நட்டால், நண்பகலிலும் கல்லடி மண் குளிர்ச்சியாக இருக்கும். நிலத்துச் செடி தொட்டிச் செடியைவிட நன்றாக வளர்வதற்கு இதுதான் காரணம்.

தொட்டி மாற்றவும் நடவும் ஏற்ற காலம் ஜனவரி, பிப்ரவரி. இரவு குளிராக இருக்கும், மழையும் வருடத்தில் அப்போதுதான் குறைவு.

தண்ணீரும் உரமும்

காலை ஏழு முதல் ஒன்பது மணிக்குள் ஊற்றுங்கள். 20 செ.மீ. தொட்டிக்கு 400, 500 மி.லி., அடித் துளையில் வழியும்வரை. கூரைக்குக் கீழே இருக்கும் செடிக்கு மழை குறைந்த மாதங்களில் மூன்று நாளைக்கு ஒரு முறை வேண்டியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் வாரத்துக்கு ஒன்றே போதும். நாள்கணக்கைவிடத் தொட்டியின் எடையை நம்புங்கள். ஊற்றியவுடன் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம் நன்றாகக் குறைந்து தொட்டி லேசானதும் அடுத்த தண்ணீர். அடியில் தட்டு வைக்கவே கூடாது. குருத்தில் தண்ணீர் நின்றால் சாய்த்து வடியுங்கள், இல்லாவிட்டால் ஊதி எடுங்கள்.

உரம் கொஞ்சம் போதும். 15:15:15 கரையும் உரத்தை ஒரு லிட்டருக்கு 1 கிராம் கரைத்து மாதம் ஒரு முறை, ஈர மண்ணில் மட்டும். தழைச்சத்து கூடினால் இலை நீண்டு மெலியும், சுழலின் இறுக்கம் போய்விடும்.

விதையிலிருந்து

இந்தச் செடி பக்கக்கன்று விடுவது அரிது. பூவும் இங்கே எதிர்பார்க்க முடியாது. பூர்வீகத்தில் குளிர்காலம் கழிந்து வசந்தத்தில்தான் பூக்கிறது, நமக்கோ குளிர்காலமே கிடையாது. அப்படியே பூத்தாலும் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியில் காய் பிடிப்பதில்லை, வேறொரு விதைச்செடியின் மகரந்தம் வேண்டும். ஒரே திசுவிலிருந்து எடுத்த இரண்டு கன்றுகளும் ஒரே செடிக்குச் சமம்தான். எனவே பெருக்குவது என்றால் வாங்கிய விதையைத்தான் நம்ப வேண்டும். விதை புதிதாக இருக்கட்டும். ஒரு வருடம் கடந்ததில் முளைப்பு வேகமாகக் குறையும்.

மண்ணில் தூவுவதைவிடத் தண்ணீரில் மிதக்கவிட்டு முளைக்கவைப்பது நல்ல முறை. மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் கொதித்து ஆறிய தண்ணீரை 1 செ.மீ. உயரம் ஊற்றுங்கள். விதைகளை மேலே தூவுங்கள், இறகு இருப்பதால் மிதக்கும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில், 18 முதல் 22 டிகிரியில் வையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மூன்றாம் நாளே விதையைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை படரும். அப்படிப் படர்ந்த விதையை உடனே எடுத்தெறியுங்கள்.

ஏழாம் நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும். முதலில் விதையின் ஒரு முனை வீங்கி வெள்ளைப் புள்ளி தெரியும். இரண்டு நாளில் அது வேராக நீளும், பின்னால் பச்சைக் கொக்கி ஒன்று வளைந்து எழும். வேர் 5 மி.மீ. ஆனதும் மாற்றிவிடுங்கள். 1 செ.மீ. தாண்டவிட்டால் எடுக்கும்போதே முறியும். விரலால் பிடிக்காமல் ஈரமான பல்குத்திக் குச்சியின் நுனியில் ஒட்டவைத்துத் தூக்கினால் காயம்படாது.

நாற்றுத் தட்டு 8 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். சலித்த 2 முதல் 4 மி.மீ. நுரைக்கல் மூன்று பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு. இந்தக் கலவையை நனைத்து, துணியில் கட்டி, இட்லிக் கொப்பரையில் அரை மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். நாற்றின் தண்டைத் தரையோடு அறுத்துச் சாய்க்கும் நாற்றழுகல் பூஞ்சை இதில் செத்துவிடும். குச்சியால் துளை போட்டு வேரை இறக்கி, மேலே 2 மி.மீ. மணல் தூவுங்கள். முதல் இரண்டு வாரம் மூடி இருக்கட்டும், பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். மூடியே வைத்திருந்த தட்டுகளில்தான் நாற்றழுகல் முதலில் வரும். சின்னக் கருப்புக் கொசு மாதிரி பூஞ்சை ஈக்கள் பறந்தால் மேல்மண்ணைக் காயவிடுங்கள். அவற்றின் புழு இளவேரைத் தின்னும்.

நான்கைந்து இலை வந்து, கன்று 4 செ.மீ. ஆனதும் 8 செ.மீ. தொட்டிக்கு மாற்றலாம்.

இலையை வெட்டி நட்டால் வருமா என்று கேட்காதவர் இல்லை. வராது. கற்றாழை இலையில் புதிய குருத்து எழும் கண் கிடையாது. அது வாடும், இல்லாவிட்டால் அழுகும்.

பழகுவதற்கு ஒரு தங்கைச் செடி

அதே மலைநாட்டிலும் தென்னாப்பிரிக்காவிலும் வளரும் அரிஸ்டாட்டா கற்றாழை கைக்குள் அடங்கும் அளவு. இலையில் வெள்ளைப் புள்ளிகள், நுனியில் மெல்லிய நார். இதுவும் குளிர் தாங்கும், ஆனால் சூட்டையும் ஓரளவு பொறுக்கும். கீழ்த் தோட்டப் பட்டணங்களில் இருப்பவர்கள் மழை படாத காற்றோட்டமான திண்ணையில் இதை வளர்த்துப் பார்க்கலாம். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள்.

இது பக்கக்கன்றுகளைத் தாராளமாக விடும். கன்று 4 செ.மீ. ஆகி, அதற்கென்று இரண்டு வேராவது வந்தபின், செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணை உதறி, கொதிநீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் தாயோடு சேரும் இடத்தில் வெட்டுங்கள். நிழலில் மூன்று நாள் காயவிடுங்கள். வெட்டுவாயில் மஞ்சள் தூளோ கரித்தூளோ தடவுவது வழக்கம், தடவலாம். ஆனால் வேலை செய்வது காயவிடுவதுதான். வெட்டுவாய் தோல் கட்டிக் கெட்டியான பிறகு நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அன்றே ஊற்றுவதால்தான் பத்தில் பல கன்று போகிறது. சுழல் கற்றாழை எப்போதாவது கன்று விட்டாலும் இதே முறைதான், 6, 7 செ.மீ. ஆகும்வரை மட்டும் பொறுங்கள்.

செடி கெடும்போது

அடி இலைகள் ஒவ்வொன்றாக நுனியிலிருந்து காய்ந்து சுருங்குவது வயசு, பயப்பட வேண்டியதில்லை. இலைகள் சிவந்தால் வெயில் திடீரென்று கூடியிருக்கிறது. இலை உள்பக்கம் மூடிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி நான்கு நாளாகியும் திறக்கவில்லை என்றால் வேர் இல்லை என்று அர்த்தம். அப்போது மேலும் மேலும் ஊற்றுவது செடியைக் கொல்வது.

உடனே தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் தடித்து, வெளுப்பாக, வளைத்தால் பச்சைப் பீன்ஸ் மாதிரி பட்டென்று ஒடியும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து, உள்ளே நூல் ஒன்று மட்டும் தொங்கும். அழுகியதையெல்லாம் வெட்டுங்கள். அடித்தண்டில் பழுப்பு இருந்தால், சுத்தமான வெள்ளைச் சதை தெரியும்வரை மெல்லிய வில்லைகளாகச் சீவுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியைத் துடையுங்கள், இல்லாவிட்டால் கத்தியே நோயைக் கொண்டுபோகும். குளிர்ந்த காற்றோட்டமான இடத்தில் பத்து நாள் காயவைத்து, பிறகு வெறும் நுரைக்கல் மேல் உட்காரவையுங்கள். அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கட்டும். வேர் வர ஒன்று, இரண்டு மாதம் ஆகலாம். நடுக்குருத்து அழுகி அடித்தண்டு கெட்டியாக இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். குருத்து போன செடி சில சமயம் பக்கத்தில் கன்று விடும்.

இலைக் கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மாவுப்பூச்சி. பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வாரம் ஒரு முறை மூன்று வாரம் தொடருங்கள். குருத்திலோ இலையோரத்திலோ பூக்கோசு மாதிரி கரடுமுரடாகப் புடைப்பு வந்தால் அது கற்றாழைச் சிலந்திப்பேன் செய்த வேலை. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி காற்றிலேயே அடுத்த செடிக்குப் போகும். புடைப்பை நல்ல சதையோடு சேர்த்து வெட்டி எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள். நடுக்குருத்து முழுக்கப் பரவியிருந்தால் அந்தச் செடியையே எரிப்பதுதான் மற்றச் செடிகளுக்குப் பாதுகாப்பு. புதிதாக வாங்கிய எந்தக் கற்றாழையையும், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வாங்கிய சோற்றுக் கற்றாழையாக இருந்தாலும், ஆறு வாரம் தள்ளி வைத்துப் பார்த்த பிறகே சுழல் கற்றாழைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.